உயரம் பார்த்துப் பரிமாறுகிறார்கள்

பெருவின் தலைநகர் லிமாவில், எலுமிச்சைச் சாறு பிழிந்த பச்சை மீனான செவிச்சேயை விற்கும் நல்ல கடைகள் எல்லாம் மாலை நான்கு, ஐந்து மணிக்கே இழுத்து மூடிவிடுவார்கள். விடிகாலையில் கரைக்கு வந்த மீனை மதியத்துக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். குளிர்பதனப் பெட்டி வந்த பிறகும் அது மாறவில்லை. பச்சை மீனை ராத்திரியில் சாப்பிடுவதா என்று வயதானவர்கள் இப்போதும் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் விநியோகஸ்தர், இரவு எட்டரைக்கு மேசை பதிவு செய்திருப்பதாகவும் செவிச்சேயில்தான் ஆரம்பிப்பார்கள் என்றும் எங்களிடம் சொன்னபோது, அவருடைய கிடங்கில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். பணக்காரர்கள் வயிற்றில் மட்டும் மீன் ராத்திரியிலும் கெடாது போல என்று அவர் சொன்னதை விநியோகஸ்தரே எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

எங்கள் தொழிற்சாலை இருக்கும் ஓசூருக்கும் லிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆட்டோதான். லிமாவின் புறநகர்களில் திரும்பிய பக்கமெல்லாம் பஜாஜ் ஆட்டோ ஓடுகிறது, அங்கே அதற்குப் பெயர் மோட்டோடாக்ஸி. ஓடுகிற வண்டிக்கு கிளட்ச் தட்டும் பிரேக் ஷூவும் தேய்ந்துகொண்டே இருக்கும், அதை நாங்கள் செய்து அனுப்புகிறோம். ஆனால் நாங்கள் சாப்பிடப் போன மிராஃப்ளோரெஸ் பகுதிக்குள் ஒரு ஆட்டோவைக்கூடப் பார்க்க முடியாது. கடலைப் பார்த்த அடுக்குமாடிகள், பூங்காக்கள், நாய்க்கு ஸ்வெட்டர் போட்டு நடத்திக் கூட்டிப்போகிறவர்கள். ஆட்டோக்காரர்களிடம் சம்பாதித்த காசை ஆட்டோ வராத ஊரில் செலவு செய்கிறேன் என்று காரில் போகும்போது விநியோகஸ்தர் தானாகவே சொல்லிக்கொண்டார். அந்த மனுஷரை எனக்குப் பிடித்துப் போனதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம்.

என்னோடு வந்தவர் எங்கள் உற்பத்திப் பிரிவு மேலாளர். பொள்ளாச்சிக்காரர், சுத்த சைவம். வெளிநாட்டுப் பயணம் என்றாலே ஒரு பை நிறைய தட்டைமுறுக்கும் பருப்புப்பொடியும் வந்துவிடும். "தம்பி, கோழி கீழி எதுவும் போட்டுறாம பாத்துக்கச் சொல்லீட்டீங்களா?" என்று காரில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். சொல்லியாகிவிட்டது சார் என்றாலும் நம்பவில்லை. அவர் பயம் வீண் இல்லை. பெருவில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், கோழி வந்து நிற்கும்.

உணவகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சில குறைகளும் சொல்ல இருக்கிறேன், ஒரு ராத்திரிச் சாப்பாட்டை வைத்து ஒரு கடைக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. லிமாவில் இந்த ரகத்தில் கடைகள் நிறைய. விர்ஹிலியோ மார்டினெஸும் அவர் மனைவி பியா லெயோனும் நடத்தும் செந்த்ரால், 2023இல் உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2025இல் அதே இடம் மைதோவுக்குப் போனது, அது மிட்சுஹாரு ட்சுமுரா என்ற ஜப்பானிய வம்சாவளிச் சமையல்காரருடைய கடை. இரண்டே வருட இடைவெளியில் ஒரே ஊரின் இரண்டு கடைகள். இந்தப் பட்டியல்களை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் லிமா விமான நிலையத்தில் இறங்குகிறவர்களில் கணிசமான பேர் மச்சு பிச்சுவுக்கு மட்டும் வரவில்லை, சாப்பிடவும் வருகிறார்கள் என்பது ஊரைப் பார்த்தாலே தெரிகிறது.

உட்கார்ந்ததும் ஒரு தடித்த அட்டையைக் கொடுத்தார்கள். பதார்த்தங்களின் பெயருக்குப் பக்கத்தில் விலை இல்லை, மீட்டர் கணக்கில் ஒரு எண் இருந்தது. முதல் வரியில் கழித்தல் குறியோடு 15, அதாவது கடல் மட்டத்துக்குக் கீழே. கடைசிக்கு முந்தைய வரியில் 3,900. ஒவ்வொரு தட்டும் எந்த உயரத்தில் விளைந்த பொருள்களால் ஆனது என்று அர்த்தம். இதைப் பிரபலப்படுத்தியது செந்த்ரால், இப்போது மற்றவர்களும் எடுத்தாள்கிறார்கள். முதலில் எனக்கு இது வெறும் விளம்பர உத்தியாகத்தான் பட்டது. நம் ஊரில் இப்படி அட்டை அடித்தால் ஊட்டி கேரட்டைத் தாண்டி எங்கே போவது?

பெருவின் நிலம் வேறு மாதிரி. லிமாவிலிருந்து கிழக்கே மத்திய நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர் போனால், சென்னையிலிருந்து வேலூர் போகிற தூரம்கூட இல்லை, டிக்லியோ கணவாய் வந்துவிடும். அதன் உயரம் 4,818 மீட்டர். நம் ஆனைமுடியே 2,695தான். காலையில் கடற்கரையில் இருந்தவன் மதியம் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். அதைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் அமேசான் காடு. ஒரு மலைச்சரிவில் நூறு மீட்டர் ஏற ஏற வேறு பயிர். இன்காக்களுக்கு முன்பிருந்தே மலைக் குடிகள் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்களுக்குக் கீழே சோளக்கொல்லை, நடுவில் கிழங்குக் காடு, மேலே லாமா மேயும் புல்வெளி. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு மட்டத்தில் இருந்துகொண்டு விளைச்சலை மாற்றிக்கொள்வார்கள். ஜான் முர்ரா என்ற மானுடவியலாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, அட்டையில் இருந்த எண்கள் அந்த நாட்டு விவசாயியின் கணக்கு. உணவகம் அதைக் கடன் வாங்கி அழகாக அச்சடித்திருக்கிறது.

செவிச்சே வந்தது. எங்கள் மேசையிலிருந்து அடுப்படி நேராகத் தெரிந்ததால் அது செய்யப்பட்டதையும் முழுக்கப் பார்த்தேன். அந்த இரவில் நான் மிகவும் ரசித்தது அதைத்தான். லெங்குவாடோ என்ற தட்டை மீன். விரல் கட்டை அளவு துண்டங்களில் முதலில் உப்பை மட்டும் போட்டுக் கையால் பிரட்டினார் அடுப்படியில் நின்ற பெண். பாத்திரத்தின் உட்புறத்தில் பிளந்த மிளகாயை ஒரு சுற்றுத் தேய்த்து எடுத்துவிட்டார், காரம் போடவில்லை, காட்டினார் அவ்வளவுதான். அப்புறம் எலுமிச்சை. கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய பச்சைப் பழம், பெருவின் வட பகுதியில் விளைவது. ஒவ்வொன்றையும் பாதிதான் பிழிந்தார், மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டார். முழுக்கப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடுமாம். இரண்டு பனிக்கட்டியைப் போட்டுக் கலக்கி உடனே எடுத்தும் விட்டார். மெல்லிசாக அரிந்து கழுவிய சிவப்பு வெங்காயம், கொத்தமல்லி. எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று நிமிஷம்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் மீனை மணிக்கணக்கில் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுவார்கள் என்றார் விநியோகஸ்தர். புளிப்பு மீனின் புரதத்தை இறுக்கிவிடும். நெருப்பு செய்கிற வேலையில் பாதியைச் செய்துவிட்டு நின்றுகொள்ளும், ஆனால் கிருமியை முழுசாகக் கொல்லாது. அதனால் மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருந்தே ஆக வேண்டும். ஊறும் நேரத்தைச் சுருக்கியதில் ஜப்பானியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1899இல் சகுரா மாரு என்ற கப்பலில் 790 பேர் கடலோரக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து லிமாவுக்கு வந்தவர்களில் பலர் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் தூக்கிப் போட்ட ஆக்டோபஸையும் அவர்கள் சமைத்தார்கள். ரோசிதா யிமுரா என்ற அம்மையார் ஆலிவ் அரைத்த ஊதா நிறச் சாறில் ஆக்டோபஸைப் போட்டு உருவாக்கிய பதார்த்தம் இன்றைக்கு லிமா முழுக்கக் கிடைக்கிறது. கூலிக்கு வந்தவர்கள் போட்ட கடைகளின் நீட்சிதான் மைதோ என்பதை அந்தப் பட்டியல்காரர்கள் எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ.

மீன் எப்படி இருந்தது என்று சொல்லவில்லையே. குளிர்ச்சி, உப்பு, புளிப்பு, அதற்குப் பின்னால் மெதுவாக ஏறும் காரம். கூடவே வேகவைத்த சர்க்கரைவள்ளித் துண்டும், ஒவ்வொரு மணியும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும் சோக்லோ சோளமும். புளிப்பு தாங்காதபோது கிழங்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் தங்கும் வெள்ளைச் சாறுக்குப் புலிப்பால் என்று பெயர், அதைத் தனியே சின்னக் கோப்பையில் குடிக்கக் கொடுக்கிறார்கள். முந்தின ராத்திரிக் குடித்தவனை எழுப்பி உட்கார வைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. குடிக்காத என்னையே எழுப்பியது. செவிச்சே சார்ந்த நடைமுறைகளை 2023இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மேலாளருக்கு மீனுக்குப் பதில் ஒரு வகைப் பனையின் குருத்தைப் போட்டுச் செய்துகொடுத்தார்கள். ரசித்துத்தான் சாப்பிட்டார். ஆனால், "காரமே இல்லீங்களே தம்பி, மொளகா கண்டுபுடிச்ச ஊருன்னு சொன்னீங்க" என்று ஒரு போடு போட்டார். மிளகாய் நமக்கு வந்தது போர்ச்சுக்கீசியர் கப்பலில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து என்று விமானத்தில் நான் அளந்ததன் பலன். விநியோகஸ்தரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பரிமாறுகிற பையனிடம் எதையோ கேட்க, அவன் ஒரு சின்னத் தட்டில் ரொகோட்டோ கொண்டுவந்தான். பார்க்கத் தக்காளி மாதிரி உருண்டையாகச் சிவப்பாக இருக்கும், வெட்டினால் உள்ளே விதைகள் கன்னங்கரேல் என்று இருக்கும். நம் ஊர் மிளகாய் ஒரு இனம், பெருவின் மஞ்சள் மிளகாயான அஹி அமரீயோ இன்னொரு இனம், இந்தக் கறுப்பு விதைக்காரன் மூன்றாவது. குளிர்ந்த மலையில்தான் வரும். அரேகிப்பா நகரத்தில் இதற்குள் இறைச்சி அடைத்துச் சமைப்பதற்கு முன்னால், சர்க்கரை போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து நீரைக் கொட்டுவார்கள். இங்கே கொதிக்கவைக்காமல் வந்திருந்தது. மேலாளர் தைரியமாக ஒரு கீற்றை வாயில் போட்டார். போட்டவர் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இது மொளகாதானுங்க, ஒத்துக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு தட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேர்க்கடலையும் ஹுவக்கதாய் என்ற மூலிகையும் மிளகாயும் சேர்த்து அரைத்த ஓக்கோப்பா சாறு மட்டும் நினைவில் நிற்கிறது, கண்ணை மூடிச் சாப்பிட்டால் நம் கடலைச் சட்னிக்கு அண்ணன். வேர்க்கடலையும் அந்தக் கண்டத்துச் சொத்துதான். 1987இல் வால்டர் ஆல்வா தோண்டியெடுத்த சிபான் அரசனின் கல்லறையில், தங்கத்திலும் வெள்ளியிலும் பெரிய பெரிய வேர்க்கடலை கோத்த மாலை கிடைத்தது. இன்காக்களுக்கு முந்தைய மோச்சே காலத்து அரசன் கழுத்தில் நிலக்கடலை மாலை! நாம் அதைப் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் உருளைக்கிழங்கு. ஒரு கூடையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதில் எதையும் சாப்பிட வேண்டாம், பாருங்கள் என்றான் பையன். கறுப்பு, ஊதா, ரத்தச் சிவப்பு, மஞ்சளில் ஊதாப் புள்ளி. சில விரல் மாதிரி, சில சங்கு மாதிரி. ஆண்டிஸ் மலைத்தொடரில் மட்டும் நான்காயிரத்துக்கு மேற்பட்ட நாட்டு ரகங்கள் இருப்பதாகச் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் சொல்கிறது. 1971இல் தொடங்கிய அந்த மையமும் லிமாவில்தான் இருக்கிறது. கூடையில் ஒன்று முண்டும் முடிச்சுமாக, அன்னாசியின் மேல்பக்கம் போல இருந்தது. அதன் பெயர் மருமகளை அழவைப்பது. கெச்சுவா மொழி பேசும் மலைக் குடும்பங்களில் கல்யாணம் பேச வந்த பெண்ணிடம் மாமியார் இதைக் கொடுத்துத் தோல் சீவச் சொல்வாளாம். கிழங்கு வீணாகாமல் சீவிவிட்டால் பெண் கெட்டிக்காரி. மேலாளர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். படம் எடுத்து உடனே வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து வந்த பதில்களை அவர் எங்களுக்குக் காட்டவில்லை.

கூடை போன பிறகு வந்ததுதான் அட்டையில் 3,900 மீட்டர் என்று போட்டிருந்த தட்டு. சுன்யோ. உருளைக்கிழங்கை ஆண்டிஸ் உச்சியில் ஜூன், ஜூலை மாதத்து உறைபனி இரவுகளில் புல்லின் மேல் பரப்பி வைப்பார்கள். ராத்திரி உறையும், பகல் வெயிலில் இளகும். அப்படிச் சில நாள் விட்டு, வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள், தோலும் கழன்று வரும். பிறகு வெயிலில் காயவைத்தால் கறுத்துச் சுருங்கி, தக்கையாக, கூழாங்கல் போல ஆகிவிடும். வருஷக்கணக்கில் கெடாது. இன்கா அரசு மலை மேல் கட்டி வைத்த களஞ்சியங்களில் இதுவும் இருந்தது. ஒரு பஞ்ச காலத்தையோ ஒரு படையெடுப்பையோ தாங்குகிற சாப்பாடு. உணவகத்தில் அதை ஊறவைத்து, பாலாடைக்கட்டிச் சாறில் புரட்டி, மேலே ஒரு காட்டுக் கீரை இலையை வைத்திருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கவில்லை. பஞ்சு மாதிரி அமுங்குகிறது, ஈர மண் வாசனை. மேலாளருக்கும் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. விநியோகஸ்தர்தான் முள்கரண்டியால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, சாறு உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்துச் சாப்பிட்டார். நன்றாக ஊறவில்லை என்று பையனிடம் சொல்லவும் செய்தார். அவருடைய அம்மா டிட்டிகாகா ஏரிப் பக்கத்துப் புனோவிலிருந்து லிமாவுக்கு வந்தவர். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு சாக்கு சுன்யோ வரும். பள்ளிக்கூடத்துக்கு அதைக் கட்டிக்கொடுத்தால் இவர் எடுத்துப் போகாமல் வழியிலேயே நாய்க்குப் போட்டுவிடுவாராம். மற்ற பையன்கள் பார்த்தால் மலைக்காரன் என்று கேலி செய்வார்கள். லிமாவில் அது கெட்ட வார்த்தைக்குச் சமம்.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் பெருவின் பெரிய உணவகங்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த நாடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒளிரும் பாதை என்ற மாவோயிச ஆயுத இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் நடுவில் மாட்டி, உண்மை அறியும் ஆணையம் 2003இல் சொன்ன கணக்குப்படி சுமார் 69,000 பேர் செத்திருக்கிறார்கள். அதில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழிகளைப் பேசியவர்கள். தப்பித்தவர்கள் லட்சக்கணக்கில் லிமாவின் மணல்மேடுகளுக்கு வந்து குடிசை போட்டார்கள். 1990இல் பணவீக்கம் ஏழாயிரம் சதவீதத்தைத் தாண்டியது. 1992 ஜூலையில் மிராஃப்ளோரெஸின் தராத்தா தெருவிலேயே குண்டு வெடித்தது. நாங்கள் சாப்பிட்ட இடத்திலிருந்து நடந்து போகிற தூரம் அது. அந்தக் காலத்தில் லிமாவின் வசதியானவர்கள் வெளியே போய்ச் சாப்பிட்டால் அது பிரெஞ்சுச் சாப்பாடாக இருக்க வேண்டும். மலையிலிருந்து வந்தவர்கள் சாப்பிடுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரும் சாப்பிட மாட்டார்கள்.

இதை மாற்றியவர்களில் ஒருவரான சமையல்காரர் கஸ்தோன் அகூரியோ, அரசியல்வாதி வீட்டுப் பையன். அப்பா சட்டம் படிக்க மாட்ரிட் அனுப்பினார், பையன் சமையல் படிக்கப் போய்விட்டான். பாரிஸில் சந்தித்த ஆஸ்த்ரித் குட்ஷேயோடு லிமா திரும்பி 1994இல் ஆஸ்த்ரித் இ கஸ்தோன் உணவகத்தைத் தொடங்கினார். அதுவும் ஆரம்பத்தில் பிரெஞ்சுக் கடைதான். போகப்போக வெண்ணெய் குறைந்தது, மஞ்சள் மிளகாய் கூடியது, சந்தையில் கிடைப்பது மேசைக்கு வந்தது. இன்றைக்கு அது சான் இசிட்ரோ பகுதியில், மொரேய்ரா குடும்பத்தின் பழைய பண்ணை மாளிகையில் நடக்கிறது. மலைவாசிகளை வேலை வாங்கிய நிலக்கிழார்கள் வாழ்ந்த வகை வீட்டில் மலைவாசிகளின் சாப்பாடு. அகூரியோ லிமாவின் வடக்கே வெந்தானில்யாவில் ஏழைப் பிள்ளைகளுக்கான பச்சக்கூதெக் சமையல் பள்ளி உருவாகவும் துணை நின்றார். லிமாவின் பெரிய அடுப்படிகளில் அங்கே படித்தவர்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

அம்மா சும்மா கொடுத்ததை இப்போது இத்தனை காசு கொடுத்துச் சாப்பிடுகிறோமே, கோபம் வரவில்லையா என்று விநியோகஸ்தரிடம் கேட்டேன். கேட்டது தப்பில்லையே என்று ஒரு கணம் உள்ளுக்குள் ஓடியது. அவர் யோசிக்கவே இல்லை. "காசு கொடுக்கிறேன் என்பதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். பக்கத்து மேசையைக் கண்ணால் காட்டினார். மிராஃப்ளோரெஸ் குடும்பம் ஒன்று, தாத்தாவிலிருந்து பேத்தி வரை. பையன் அவர்களுக்கு சுன்யோவை எப்படி மிதிப்பார்கள் என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான், தாத்தா தலையாட்டிக்கொண்டிருந்தார். "அந்தத் தாத்தா வயசுக்காரங்கதான் எங்க அம்மாவை வேலைக்காரிங்க வர்ற வாசல் வழியா வரச் சொன்னவங்க. இப்ப காது கொடுத்துக் கேக்கிறார் பாருங்க."

இதற்கு மேல் நான் என்ன வாதம் செய்ய? ஆனாலும் குறை சொல்லாமல் விடப்போவதில்லை. பேச்சு அதிகம். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு நிமிஷச் சொற்பொழிவு, அதற்குள் சூடானது ஆறிவிடுகிறது. தட்டில் கல், பாசி, காய்ந்த கதிர் என்று சோடனை வேறு, எதைத் தின்பது எதை விடுவது என்று கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. அமேசானின் பைச்சே மீன், ஆள் உயரத்துக்கும் மேல் வளர்கிற பிரம்மாண்டம், எங்களுக்கு வந்த துண்டு வெந்தே சக்கையாகி இருந்தது. கடைசியில் வந்த இனிப்பு வகையறா திகட்டித் தள்ளியது. லுக்குமா பழத்து ஐஸ்கிரீம் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று காசு சம்பந்தப்பட்டது. மேசைக்கு வருகிற புகழ் வயலுக்குப் போய்ச் சேருகிறதா என்பது. மலையில் விளையும் தானியமான கினோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2013ஐ கினோவா ஆண்டாக அறிவித்தது. உலகத்து ஆரோக்கியக் கடைகள் எல்லாம் வாங்க, விலை எகிறியது. பெருவின் கடலோரச் சமவெளிகளில்கூட பெரிய பண்ணைக்காரர்கள் விதைத்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் விலை சரிந்து, காலங்காலமாக மலையில் பயிரிட்டவர்கள்தான் அடி வாங்கினார்கள். எங்கள் அட்டையில் கிழங்கு வந்த ஊரின் பெயர் இருந்தது. ஊர்க்காரருக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது இல்லை. நல்ல உணவகங்கள் நேரடியாக விவசாயிகளிடம் வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர் சாப்பிடுகிற கடை எத்தனை மூட்டை வாங்கிவிடும்?

மறுநாள் மதியம் வேலை சீக்கிரம் முடிந்ததால் சுர்கீயோ சந்தைக்குப் போனோம். மிராஃப்ளோரெஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரைவுச்சாலை, பாலம் தாண்டினால் உலகமே மாறிவிடும். முந்தின ராத்திரிக் கூடையில் காட்சிக்கு வந்த கிழங்குகளில் பாதி அங்கே கிலோக் கணக்கில் குவித்துக் கிடந்தது. சந்தைக்குள்ளேயே மதியச் சாப்பாடு, சூப்பும் ஒரு பெரிய தட்டும் குடிக்க ஏதாவதும் சேர்த்துப் பெருவின் நாணயத்தில் பதினைந்து சோலுக்குள். நான் லோமோ சல்தாதோ வாங்கினேன். மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி எல்லாவற்றையும் கொதிக்கும் வாணலியில் சோயா சாஸ் ஊற்றிப் புரட்டி, பொரித்த உருளைக்கிழங்கோடு சோறும் வைத்துக் கொடுக்கிறார்கள். 1849இலிருந்து கால் நூற்றாண்டு காலம் பெருவுக்குக் கொண்டுவரப்பட்ட சீனக் கூலிகளின் கை அதில் இருக்கிறது. கடைக்கார அம்மா எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை. சீக்கிரம் சாப்பிட்டு இடத்தை விடு என்று மட்டும் பார்த்தார்.

பதினைந்து சோல் சாப்பாடுதான் உண்மையான சாப்பாடு, மற்றது பகட்டு என்று எழுதினால் கை தட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தையில் எனக்கு வயிறு நிறைந்தது, ஆனால் சுன்யோ எதற்காகக் கறுப்பாக இருக்கிறது என்று அங்கே யாரிடம் கேட்டிருப்பேன்? மேலாளரைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், சந்தையில் வாங்கிய வாழைப்பழமே தேவாமிர்தம் என்பார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெயர் பெற்ற கடைகளுக்குப் பல வாரம் முன்பே இணையத்தில் பதிய வேண்டும், பல இடங்களில் பதியும்போதே பணமும் கேட்பார்கள். முதல் வரிசைக் கடைகளின் முழு விருந்து தலைக்கு ஆயிரம் சோலைத் தாண்டும், நம் காசுக்கு இருபதாயிரத்துக்கும் மேல், பானங்கள் தனி. அவ்வளவு வேண்டாம் என்றால் ஒன்றிரண்டு பதார்த்தம் மட்டும் வாங்கிச் சாப்பிடுகிற நல்ல உணவகங்கள் மிராஃப்ளோரெஸிலும் பக்கத்துப் பகுதியான பர்ராங்கோவிலும் உண்டு. செவிச்சேக்காக மட்டும் போகிறவர்கள் மதியமே போங்கள். பல இடங்களில் சேவைக் கட்டணத்தை ரசீதிலேயே சேர்த்துவிடுகிறார்கள், டிப்ஸ் வைக்குமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் கோழி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கினோவாவையும் சோற்றையும்கூட சில இடங்களில் கோழிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். மேலாளருக்காக விநியோகஸ்தர் இதையெல்லாம் ஸ்பானிஷில் ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார், அதைக் காட்டித்தான் மீதி நாள்களை ஓட்டினோம். படம் எடுத்து வைத்திருக்கிறேன், தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.